“சீட்டு கெடச்சிட்டா?” - கவுன்சலிங் சீசனில் வீட்டைக் காப்பாற்றுங்கள்!

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து காலேஜ் திறந்து முதல் மாதம் முடிகிற வரைக்கும், தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே காய்ச்சல்தான். தெர்மாமீட்டர் வைத்தால் தெரியாத காய்ச்சல்! அப்பாவுக்குப் பிரஷர் ஏறும். அம்மாவுக்குத் தூக்கம் போகும். பிள்ளைக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீடு, பால்காரர், கல்யாண வீட்டில் பார்க்கிற ஒன்றுவிட்ட பெரியப்பா என்று ஆளுக்கு ஆள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். “சீட்டு கெடச்சிட்டா?”

எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு, எவ்வளவு கட்-ஆஃப் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த மூன்று நான்கு மாதம் வீட்டில் இருக்கிறவர்களின் உடம்பும் மனசும் என்ன பாடுபடுகிறது என்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. இரண்டு பிள்ளைகளை இந்த வாசல் வழியாக அனுப்பி வைத்த அம்மா என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு பிள்ளைகள், இரண்டு கவுன்சலிங்

எங்களுக்குக் கயத்தாறு. திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, கட்டபொம்மன் நினைவிடமும் காற்றாலைகளும் உள்ள கரிசல் ஊர். வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். மகள் 2016-ல் ப்ளஸ் டூ முடித்தாள். மகன் 2023-ல் முடித்தான்.

மகளுக்கு டாக்டர் ஆசை. மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்கள் ப்ளஸ் டூ மார்க்கை வைத்து நிரப்பப்பட்ட கடைசி வருஷம் அது. அடுத்த வருஷமே ‘நீட்’ வந்துவிட்டது. ஒன்றரை மார்க் கட்-ஆஃபில் அவளுக்கு எம்.பி.பி.எஸ். நழுவியது. மேத்ஸ்-பயாலஜி குரூப் என்பதால் இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கும் போட்டிருந்தாள். அப்போதெல்லாம் நேரில்தான் போக வேண்டும். கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலை எழும்பூரில் இறங்கி, ஒரு சொந்தக்காரர் வீட்டில் குளித்துவிட்டுக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனோம். பெரிய திரையில் காலேஜ் பெயரும் காலி இடமும் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் நினைத்து வைத்திருந்த காலேஜுக்கு எதிரே 3 இருக்கும், கண் சிமிட்டுவதற்குள் 2, அப்புறம் 1, அப்புறம் பூஜ்யம். எத்தனை அப்பாக்கள் அங்கே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்!

2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். மகனுக்கு ரயில் இல்லை, திரை இல்லை, கூட்டம் இல்லை. வீட்டிலேயே விருப்பப் பட்டியல் போட்டோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலில் எழுதினான். வந்தது, பட்டியலில் ரொம்பக் கீழே எழுதியிருந்த மெக்கானிக்கல்.

வசதி கூடியதென்னவோ உண்மை. ஆனால் ஒன்று கவனித்தேன். கிண்டியில் மகள் அழுதபோது, அதே மரத்தடியில் இன்னும் பத்துப் பிள்ளைகள் அழுதார்கள். நம்மைப் போல நாலு பேர் என்ற ஆறுதல் இருந்தது. மகன் இரவு பத்து மணிக்கு செல்போனில் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவன் ஏமாற்றத்துக்குத் துணை யாரும் இல்லை. ஆன்லைன் கவுன்சலிங்கில் பெற்றோரின் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது!

‘இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை

பிரிட்டனில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக ‘உனக்கு இடம் தருகிறோம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லும். ‘இத்தனை மார்க் எடுத்தால் இடம் உண்டு’ என்று நிபந்தனையோடும் சொல்லும். ஆகஸ்டில் மார்க் வந்து அது தவறிப்போனால், மிச்சமிருக்கும் இடங்களுக்கு ‘கிளியரிங்’ என்று இன்னொரு வாசல் திறக்கும்.

நம் ஊரில் அப்படிக் கடிதம் வராது. ஒதுக்கீட்டுப் பட்டியலில் வேறு ஏதோ ஒரு பெயர் வரும். அல்லது எதுவுமே வராது. ‘ஏன் இல்லை’ என்று சொல்ல எதிரே ஆள் கிடையாது. அதனால் காரணத்தைப் பிள்ளை தனக்குள்ளே தேடுகிறது. ‘நான் லாயக்கில்லை’ என்று முடிவு கட்டிக்கொள்கிறது. இந்த இடத்தில்தான் அம்மா அப்பா பேச வேண்டும். நாம் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தையும் ‘லாயக்கில்லை’ என்றுதான் பிள்ளை மொழிபெயர்த்துக்கொள்ளும்.

ஒரே பிள்ளை, மூன்று ரேங்க்!

தரவரிசை எண் என்பது வானத்திலிருந்து விழுந்த தீர்ப்பு இல்லை. காலத்துக்கு ஒரு கணக்கு. 1984-ல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ல் சட்டம் போட்டு, 2007 சேர்க்கையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். 2017-லிருந்து மருத்துவத்துக்கு நீட். ஒரே பெண் 1990-ல் பரீட்சை எழுதியிருந்தால் ஒரு ரேங்க், 2010-ல் எழுதியிருந்தால் இன்னொரு ரேங்க், 2020-ல் வேறொரு ரேங்க். பெண் அதே பெண்தான். அளக்கிற படிதான் மாறியது.

இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-க்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் எடுத்தால் கணித மார்க்கைப் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் அடுத்தடுத்த மார்க்குகள், பிறகு பிறந்த தேதி. அத்தனையும் சமமாக இருந்தால்? விண்ணப்பித்த எல்லோருக்கும் கம்ப்யூட்டர் ஒரு ‘ரேண்டம் எண்’ கொடுத்திருக்கிறதே, அதுதான் கடைசியில் முடிவு செய்யும். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிற குடவோலை மாதிரிதான். பானைக்குள் கைவிட்டு ஓலை எடுக்கிற கதை. அந்த எண்ணில் முந்திய பிள்ளை கூடுதல் புத்திசாலி என்று யாராவது சொல்ல முடியுமா?

தூத்துக்குடிக் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே கதைதான். அங்கே ‘இசட் புள்ளி’ என்று ஒரு கணக்கு. பெரும்பாலான படிப்புகளில் 40 சதவீத இடம் தீவு முழுவதற்கும் பொதுத் தகுதியில். 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி. 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒரு மாவட்டத்துப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்கும், இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்காது.

இடம் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். எப்படியாவது பங்கு போட்டுத்தானே ஆக வேண்டும்? நம் மாநிலத்து 69 சதவீத இடஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் இன்ஜினீயரிங்கிலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அந்தப் பங்கீட்டை நியாயமாக்கச் செய்த ஏற்பாடுகள். சிலர் வீட்டில் உட்கார்ந்து, “அவனுக்குக் கெடச்சது, ஒனக்குக் கெடைக்கல” என்று பிள்ளையின் காதுபட அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கரித்துக்கொட்டுவார்கள். அதனால் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்கப் போவதில்லை. மனசு கெடுவதுதான் மிச்சம்.

அரசாங்கமே இதை ஓரளவு புரிந்துகொண்டது. ப்ளஸ் டூவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதை 2017-ல் நிறுத்திவிட்டார்கள். நாம்தான் இன்னும் தெருவுக்குத் தெரு ரேங்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்!

முதலில் உங்கள் உடம்பு!

பிள்ளை நம் முகத்தைப் பார்த்துத்தான் தன் நிலைமையைத் தெரிந்துகொள்கிறது. நாம் நிதானமாக இருக்க வேண்டுமென்றால் உடம்பு ஒத்துழைக்க வேண்டும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பெற்றோர் இந்த மாதங்களில்தான் அதை மறக்கிறார்கள். சான்றிதழ் அலைச்சலில் மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போகும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, மயக்கமே வரலாம். பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டிக்காரர்களுக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்?

நெஞ்சு அடைக்கிற மாதிரி, இடது கையிலோ தாடையிலோ வலி, கூடவே வியர்வை என்றால் “டென்ஷன்தான், கேஸ்தான்” என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

ராத்திரி பன்னிரண்டு மணி வரை பட்டியலையும் வாட்ஸ்-அப்பில் வருகிற கட்-ஆஃப் ஜோசியத்தையும் பார்ப்பதால் ஒரு சீட்டு கூடுதலாக வராது. எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு மேல் அட்மிஷன் பேச்சு கூடாது என்று வீட்டுக்காரர் சட்டம் போட்டார். உப்புமாவில் உப்பு இல்லை என்று சண்டை போட மறுபடியும் நேரம் கிடைத்தது!

மூன்று வாரம் பேசாத பிள்ளை

மகன் அந்த ராத்திரிக்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. “எய்யா, ரெண்டு தோசையாவது தின்னுட்டுப் படு” என்றால், “பசிக்கல யம்மா” என்பான். கிரிக்கெட் மட்டையைப் பக்கத்துத் தெருப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தான். “வச்சு என்ன செய்ய?” என்றான். அந்த வார்த்தை எனக்கு வயிற்றைக் கலக்கியது.

திருநெல்வேலிக்கு ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். என் நாத்தனார், “என்ன மைனி, பிள்ளைக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா என்ன சொல்லுவாக?” என்றாள். அதற்கு வீட்டுக்காரர் சொன்ன பதில்தான் பெரிசு. “பயிரு வாடுச்சுன்னா வேரப் பாக்கச் சொல்லி என் கடைக்கு வாராங்க. பிள்ள வாடுனா மட்டும் மூடி வைக்கணுமா?”

போனோம். டாக்டர் அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். அடுத்த வாரம் இன்னொரு தடவை. மருந்து ஏதும் தேவைப்படவில்லை. (தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.) திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் அவனிடம், “ஒனக்கு மனசில்லேன்னா இந்த வருஷம் போவாண்டாம்ல. அடுத்த வருஷம் பாப்போம். வேற படிப்புன்னாலும் சொல்லு” என்றார். போகாமல் இருக்க வழி உண்டு என்று தெரிந்த பிறகுதான் போகலாமா என்று அவன் யோசிக்கவே ஆரம்பித்தான். கிடைத்ததை ஏற்று, மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கிறேன் என்று கொடுத்தான். மேலே எதுவும் காலியாகவில்லை. அந்த மெக்கானிக்கலிலேயே சேர்ந்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “பரவால்ல யம்மா” என்பான். துள்ளிக் குதிக்கவில்லைதான். அந்தப் ‘பரவால்ல’ எங்களுக்குப் போதும்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்

ஏமாற்றத்தில் இரண்டு மூன்று நாள் அழுவதும் கோபப்படுவதும் இயல்புதான். கீழே உள்ளவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

* தூக்கம் வராமை, அல்லது எந்நேரமும் படுக்கை
* சாப்பாடு குறைவது, உடம்பு இளைப்பது
* நண்பர்களின் போனை எடுக்காமல் ஒதுங்குவது
* முன்பு பிரியப்பட்ட எதிலும் நாட்டமில்லாமை
* ‘உங்களுக்கு நான் பாரம்’ போன்ற பேச்சு

சாவைப் பற்றிப் பேசினாலோ, தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டாலோ இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

“உயிரை விட்டுடலாம்னு தோணுதாய்யா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அப்படித் தூண்டாது என்றுதான் மனநல மருத்துவம் சொல்கிறது. மூடி வைத்த பாரத்தை இறக்கி வைக்க வழி கிடைக்கும். கேட்ட பிறகு புத்திமதி சொல்லாமல் காது கொடுங்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பரீட்சை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு சாவுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது.

பூச்சி மருந்துக்குப் பூட்டு

உரக்கடை வைத்திருக்கிற வீட்டிலிருந்து இதைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் கரிசல் பக்கம் உளுந்து, பருத்தி, மக்காச்சோளம் போடுகிற வீடுகளில் மிச்சப் பூச்சி மருந்து திண்ணை மூலையில் கிடக்கும். எலி மருந்து அடுப்படிப் பரணில் இருக்கும். ஆத்திரமோ துக்கமோ உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லாமல் இருந்தாலே பல உயிர்கள் பிழைத்துவிடும். இதற்கு இலங்கையே சாட்சி. அதிக நச்சுள்ள பூச்சி மருந்துகளை 1995-ல் அங்கே தடை செய்தார்கள். அதற்குப் பின் பத்தே வருஷத்தில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது.

எனவே மே முதல் செப்டம்பர் வரையாவது - முடிந்தால் எப்போதுமே - பூச்சி மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். தோட்டத்துக் கொட்டடியில் பெட்டிக்குள் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவுக்கும் இதே விதிதான்.

பயத்தில் பணம் கட்டாதீர்கள்

கவுன்சலிங் தொடங்கும் முன்பே, “இப்பவே கட்டலைன்னா சீட்டு போயிரும் அண்ணாச்சி” என்று ஏஜென்ட்டுகள் போன் பண்ணுவார்கள். பயத்தில் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டு, அப்புறம் ராத்தூக்கம் கெட்ட குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அந்தக் கடன் நாலு வருஷமும் பிள்ளையின் தலைக்கு மேல் தொங்கும். “ஒனக்காகத்தான் அடகு வச்சோம்” என்று ஒருநாள் வாய் தவறி வந்தே தீரும்.

தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட இன்ஜினீயரிங் காலேஜ்கள் இருக்கின்றன. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான இடங்கள் நிரம்பாமல்தான் கிடக்கின்றன. அவசரப்பட அவசியமே இல்லை. மூலச் சான்றிதழ்களைக் காலேஜ் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதையும் நினைவில் வையுங்கள்.

டாக்டர், இன்ஜினீயர் என்ற இரண்டு வாசலும் சாத்தினால் உலகமே சாத்திவிட்டதாக நினைக்கிறோம். எங்கள் மாவட்டத்தையே சுற்றிப் பாருங்கள். வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி. தூத்துக்குடியில் 1977-லிருந்து மீன்வளக் கல்லூரி; 1951-லிருந்து வ.உ.சி. கல்லூரி. பஸ் ஏறினால் பாளையங்கோட்டையில் எத்தனையோ கலைக் கல்லூரிகள். “பி.எஸ்ஸி.தானா?” என்று அந்தத் ‘தானா’வைச் சேர்க்காமல் பேசப் பழகினாலே பாதி நோய் தீரும்!

ஞாபகத்தில் வைக்க...

1. விருப்பப் பட்டியலில் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதற்குச் சம்மதமில்லாத படிப்பைச் சேர்க்காதீர்கள்.

2. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்பது, ஏற்று மேலே காத்திருப்பது, மறுத்து மேலே காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது என்று வழிகள் உண்டு. குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால் இடம் போய்விடும். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கவுன்சலிங் உதவி மையத்தில் கேளுங்கள்.

3. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022-ல் ‘புதுமைப் பெண்’, பையன்களுக்கு 2024-ல் ‘தமிழ்ப் புதல்வன்’ என்று மாதம் 1,000 ரூபாய் திட்டங்கள் வந்திருக்கின்றன.

4. ப்ளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டால் வருஷமே போய்விட்டதாக எண்ண வேண்டாம். உடனடித் துணைத் தேர்வு இருக்கிறது.

5. மனசு தாங்காதபோது ‘டெலி-மானஸ்’ எண் 14416. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டுமே 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேசலாம். பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் பேசலாம். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவும் உண்டு.

6. “சீட்டு கெடச்சிட்டா?” என்று கேட்கிறவர்களுக்குப் பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் முந்திக்கொண்டு, “பாத்துக்கிட்டிருக்கோம் அண்ணாச்சி, காப்பி சாப்பிடுங்க” என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கும்போது நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். “சாப்ட்டியாய்யா?” என்று கேளுங்கள். அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல முடிகிற கேள்வி அது ஒன்றுதான்!